பச்சை முக்கோணத்துக்குப் பின்னால்



வேதியியல் துறையின் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது உரக்கடையில் பொட்டலமாகத் தொங்கும் ஒரு மஞ்சள் நிறத் தூளையும் அதன் சொந்தபந்தங்களையும் பற்றி. அந்தத் தூளுக்கு அறிவியல் பெயர் மேன்கோசெப். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சில கடைகளில் விழிப்பார்கள். ‘எம்-45’ என்றால் உடனே எடுத்து நீட்டுவார்கள். ஈரோட்டு மஞ்சளின் இலைப்புள்ளிக்கும், நீலகிரி உருளைக்கிழங்கின் கருகலுக்கும், கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையின் அடிச்சாம்பலுக்கும், நிலக்கடலையின் டிக்கா நோய்க்கும் அரை நூற்றாண்டாக அதுதான் கைமருந்து.

அந்தப் பொட்டலத்தில் ஒரு முக்கோணம் அச்சிட்டிருக்கும். நம் நாட்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் 1971-இன்படி, வாய்வழி போனால் எவ்வளவு மருந்து ஆய்வக விலங்குகளில் பாதியைக் கொல்லும் என்பதை வைத்து நிறம் தீர்மானமாகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5000 வரை நீலம். அதற்கும் மேல் தேவைப்பட்டால் பச்சை. மேன்கோசெப்புக்குப் பச்சை. ‘பச்சைதானே சார், சாப்பிட்டாலும் ஒன்னும் ஆகாது’ என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்த நிறம் சொல்வது ஒரே ஒரு செய்தி: இந்தத் தூள் ஒரே வேளையில் ஆளைக் கொல்லாது. இந்தத் தூள் நாளைக்கு என்னவாக உடையும், உடைந்தது என்ன செய்யும் என்பதை அந்த முக்கோணம் அளக்கவே இல்லை. நான் இன்று சொல்ல வந்ததும் இவ்வளவுதான். மேன்கோசெப் சேர்ந்த டைதயோகார்பமேட் குடும்பத்தை அது முழுசாக இருக்கும் நிலையில் எடைபோடக்கூடாது; உடைந்த பிறகுதான் எடைபோட வேண்டும்.

1991 ஜூலை 14 இரவு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டன்ஸ்மியூர் என்ற சிற்றூருக்கு மேலே, கான்டாரா வளைவு என்னும் இடத்தில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. ஒரு டேங்கர் சேக்ரமென்டோ ஆற்றில் விழுந்து கிழிந்தது. அதிலிருந்து ஆற்றில் கலந்தது ஏறத்தாழ 19,000 காலன், நம் கணக்கில் 72,000 லிட்டர் மெட்டாம் சோடியம். அதுவும் டைதயோகார்பமேட்தான், விதைப்புக்கு முன் மண்ணிலுள்ள பூசணத்தையும் நூற்புழுவையும் கொல்ல மண்ணில் விடுவது. அன்றைய அமெரிக்கப் போக்குவரத்து விதிகளில் அது அபாயச் சரக்குப் பட்டியலில் இல்லை. ஆற்று நீரில் அது உடைந்து மெத்தில் ஐசோதயோசயனேட் ஆனது. கீழே ஷாஸ்டா ஏரி வரை அறுபது கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மீன்களோடு புழு பூச்சி பாசி எதுவும் மிஞ்சவில்லை. கரையோர மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஊரை விட்டுக் கிளம்பினார்கள். 1984-இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இதில் சல்பர் இருக்கிறது. விஷத்தின் வீரியம் அவ்வளவு இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே வம்சம். டேங்கருக்குள் இருந்தவரை அபாயமில்லை என்று எழுதிவைத்த பொருள் தண்ணீரைத் தொட்டதும் இதுவாக மாறியது.

மாணவர்களுக்காக இரண்டு நிமிடம் வேதியியல். ஓர் அமீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காரம் சேர்த்து, குளிரவைத்தபடியே கார்பன் டைசல்பைடை மெல்ல விட்டால் டைதயோகார்பமேட் உப்பு கிடைக்கும். அதோடு துத்தநாக உப்பைச் சேர்த்தால் தூள் படியும். மாங்கனீசும் துத்தநாகமும் சேர்ந்து படிந்தால் மேன்கோசெப். கேட்க எளிது. ஆலையில் எளிதில்லை, காரணம் அந்தக் கார்பன் டைசல்பைடு. 46 டிகிரியில் கொதிப்பது. தண்ணீரின் உறைநிலைக்கு முப்பது டிகிரி கீழேயே தீப்பற்றத் தயாராகும் ஆவி தருவது. தீக்குச்சிகூட வேண்டாம், நூறு டிகிரியை ஒட்டிய சூடுள்ள ஒரு நீராவிக் குழாய் போதும். ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து தூரத்து நெருப்பைத் தேடிப் போகும். அதனால்தான் அதைத் தண்ணீருக்கு அடியில் சேமிக்கிறார்கள். தண்ணீரைவிடக் கனமானது, தண்ணீரில் கரையாதது. நீண்டகாலம் அதைச் சுவாசித்தவர்களுக்கு நரம்பும் மனமும் கெடும் என்பதை ரப்பர் தொழிலாளர்களைப் பார்த்து பிரெஞ்சு மருத்துவர் ஒகுஸ்த் டெல்பெஷ் 1850-களிலேயே எழுதிவிட்டார்.

இப்படி உண்டாக்கிய டைதயோகார்பமேட்டில் அமிலம் பட்டால் வந்த வழியே திரும்பிக் கார்பன் டைசல்பைடாகவே அது உடைகிறது. உணவில் எச்சம் பார்க்கும் ஆய்வகங்கள் நம்பியிருப்பதும் இந்த உடைவைத்தான். திராட்சையை அரைத்து, அமிலத்தோடும் வெள்ளீயக் குளோரைடோடும் சூடாக்கி, வெளிவரும் கார்பன் டைசல்பைடை அளக்கிறார்கள். எச்ச வரம்பும் அந்தக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முட்டைக்கோசும் காலிஃபிளவரும் மருந்தே படாவிட்டாலும் இந்தச் சோதனையில் கொஞ்சம் கார்பன் டைசல்பைடைக் காட்டும், அவற்றின் இயற்கைச் சல்பரால். இதே உடைவு ஆலையில் நேர்ந்தால் விபத்து. டைதயோகார்பமேட் இருந்த தொட்டியில் தெரியாமல் அமிலக் கழிவை விட்டால் வெளிவருவது தீப்பற்றும் வாயு.

வயலுக்கு வருமுன்னே இந்தக் குடும்பம் ரப்பருக்கு வந்துவிட்டது. சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கி உறுதியாக்கினார். அந்த வேலைக்கு மணிக்கணக்கில் சூடு வேண்டியிருந்தது. டைதயோகார்பமேட்டும் அதன் ஒட்டுறவான தயூராமும் அதை நிமிடங்களாகச் சுருக்கின. கையுறை, பலூன், நுரைமெத்தை போல ரப்பர் பாலில் முக்கியெடுக்கும் பொருள்களுக்கு இன்றைக்கும் துத்தநாக டைஎத்தில் டைதயோகார்பமேட் போன்றவைதான் முடுக்கிகள். கன்னியாகுமரி மாவட்டத்தில் பால்வெட்டுத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கக்கூடும். கடைந்து செறிவாக்கிய ரப்பர் பால் கெடாமல் இருக்க அம்மோனியாவைக் குறைத்துக்கொண்டு சேர்க்கும் தயூராம் வகைச் சிறுதுளி மருந்துக்கு ஆலையில் பெயர் டிஎம்டிடி. அதே மூலக்கூறை நம் விவசாயி நிலக்கடலைப் பருப்பில் கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதைநேர்த்தி செய்கிறார்; அங்கே அதன் பெயர் திரம். ஆலையில் இருப்பவருக்கு அது விதைமருந்து என்று தெரியாது, வயலில் இருப்பவருக்கு அது ரப்பர் மருந்து என்று தெரியாது. ஓரிடத்தில் கற்ற பாடம் இன்னோரிடத்துக்குப் போகாமல் போனதற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

அப்படிப் போகாத பாடம் ஒன்றைச் சொல்கிறேன். 1937-இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் ஓர் ஆலை மருத்துவர் எழுதினார்: தயூராம் சேர்மங்களோடு வேலை செய்பவர்களால் மது அருந்த முடிவதில்லை, ஒரு குவளை பீருக்கே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை வெடிக்கிறது. பத்தாண்டு கழித்து கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கொப்சன் என்ற இருவர் அதன் உடன்பிறப்பான டைசல்ஃபிராமைக் குடற்புழு மருந்தாகச் சோதித்துத் தாங்களே விழுங்கினார்கள். மது அருந்தியபோது அதே அவதி. அதை 1948-இல் வெளியிட்டார்கள். குடிநோய் மருத்துவத்தில் இன்றும் வழங்கும் ஆன்டப்யூஸ் அப்படிப் பிறந்தது. சாராயம் உடலில் அசிட்டால்டிஹைடாக மாறும். அதை அடுத்த படிக்குக் கொண்டுபோகும் நொதியை இந்த மருந்து முடக்குவதால் அசிட்டால்டிஹைடு ரத்தத்தில் தேங்குகிறது. டைசல்ஃபிராமின் இந்தப் பிடி நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். திரம் கலந்து விதைநேர்த்தி செய்துவிட்டு, அலுப்புத் தீர டாஸ்மாக்குக்குப் போகிறவர் பற்றி எந்தப் பொட்டலமாவது பெரிய எழுத்தில் எச்சரிக்கிறதா? மயங்கி விழுந்தால் ‘சரக்கு சரியில்லை’ என்பார்கள். மருந்துதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

திரம் பற்றியே இன்னொன்று. நேர்த்தி செய்த விதை மிஞ்சினால் கோழிக்குப் போடுகிற வழக்கம் உண்டு. திரம் கலந்த தீனி கோழியின் முட்டை ஓட்டை மென்மையாக்கும், குஞ்சுகளின் கால் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். மிஞ்சிய விதையைப் புதைத்துவிடுங்கள்.

வயலுக்கு இந்த மருந்துகள் வந்த கதை 1934-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு டூபான்ட் நிறுவனத்தின் டிஸ்டேலும் வில்லியம்சும் ரப்பர் மருந்தைப் பூசணக்கொல்லியாக்கும் காப்புரிமையைப் பெற்றார்கள். அதுவரை செம்பும் கந்தகமும்தான். நாற்பதுகளில் நாபாம், சினெப், ஐம்பதில் மானெப், அறுபதுகளின் தொடக்கத்தில் ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனத்தின் மேன்கோசெப். இத்தனை ஆண்டு கழித்தும் இது பலிப்பதற்குக் காரணம், பூசணத்தை ஒரே இடத்தில் தாக்காமல் அதன் பல நொதிகளின் சல்பர் முனைகளை ஒரே நேரத்தில் கெடுப்பது. கார்பெண்டசிம் மாதிரி ஒரே பூட்டைத் திறக்கும் சாவி அல்ல இது. அதனால் பூசணம் இதற்குப் பழகுவது மிகமிக அரிது. புதிய மருந்துகளை விற்பவர்கள் எதிர்ப்புத்திறன் வராமலிருக்க இதையே துணைக்குச் சேர்ப்பதும் அதனால்தான்.

இந்த இடத்தில் விவசாயிகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாஃப் என்ற பொட்டலத்தில் கார்பெண்டசிம் 12 சதவீதம், மேன்கோசெப் 63. ரிடோமில் எம்இசட்டில் மெட்டலாக்சில் 8, மேன்கோசெப் 64. போன வாரம் எம்-45, இந்த வாரம் சாஃப், அடுத்த வாரம் ரிடோமில் என்று ‘மருந்தை மாற்றி மாற்றி’ அடிப்பவர் உண்மையில் மூன்று வாரமும் மேன்கோசெப்பைத்தான் அடிக்கிறார். பயிருக்கு அதனால் பாதகமில்லை. அடிப்பவரின் உடம்புக்கு இடைவெளியே கிடைப்பதில்லை.

உடம்பில் என்ன நடக்கிறது? மேன்கோசெப் வகைகள் உடைந்தால் எத்திலீன் தயோயூரியா என்ற ஒன்று பிறக்கிறது. அது தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுக்கும். எலிகளில் தைராய்டு கட்டியையும் கருவில் குறைபாட்டையும் உண்டாக்கியது. கருவுற்ற முதல் மாதங்களில் சிசுவின் மூளை தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது. எனவே கர்ப்பிணிகளைப் பற்றித்தான் என் முதல் கவலை. கோஸ்டாரிகாவில் வாழைத் தோட்டங்கள் மீது விமானத்திலிருந்து மேன்கோசெப் தெளிக்கிறார்கள். அருகே குடியிருந்த கர்ப்பிணிகளின் சிறுநீரை ஆராய்ந்தபோது எத்திலீன் தயோயூரியா மற்ற நாட்டுப் பொதுமக்களிடம் கண்டதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. அவர்கள் மருந்து அடித்தவர்கள் அல்லர், தோட்டத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். ஐரோப்பிய ஒன்றியம் திரமை 2018-இல் கைவிட்டது. மேன்கோசெப்பை, இனப்பெருக்கத்துக்குக் கேடு, சுரப்பிகளைக் குலைப்பது என்ற காரணங்களால் 2020 டிசம்பரில் கைவிட்டது. நம் நடுவண் அரசு 2020 மே மாதம் வெளியிட்ட 27 மருந்துகளின் தடை வரைவிலும் இந்தக் குடும்பத்தின் மேன்கோசெப், திரம், சினெப், சிராம் நான்கும் இருந்தன. உரக்கடைக்குப் போனால் எம்-45 இன்னும் தொங்குகிறது.

உடனே தடை செய்யுங்கள் என்று நான் இந்த மேடையில் கேட்கப்போவதில்லை. ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு வயல்களில் புதிய மருந்துகளுக்கு மசியாத கருகல் பூசண வகைகள் பரவிவருகின்றன. பல முனைகளில் தாக்கும் மலிவான மருந்து ஒன்று கையை விட்டுப் போவதன் விலையை அவர்கள் இப்போது பார்க்கிறார்கள். நம் சிறு விவசாயி அதற்குப் பதிலாக வாங்க வேண்டிய மருந்து பல மடங்கு விலை. ஆனால் பச்சை முக்கோணத்தைக் காட்டி இதை விற்பது நேர்மையில்லை என்று சொல்வேன். கருவுக்குக் கேடு, சுரப்பிக்குக் கேடு என்பதற்கெல்லாம் நம் முக்கோணத்தில் நிறமே கிடையாது.

சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இது இலைக்குள் ஊடுருவாத மருந்து, மேலேயே படிந்திருக்கும். தக்காளியையும் திராட்சையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். கழுவாமல் சமைத்தால் சூட்டில் அது எத்திலீன் தயோயூரியாவாக மாறும். அதனால் கழுவிவிட்டு நறுக்குங்கள்.

நீரைச் சுத்தம் செய்யவும் இந்தக் குடும்பம் பயன்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. முலாம் பூசும் ஆலைகளின் கழிவுநீரில் கரைந்திருக்கும் செம்பையும் நிக்கலையும் பிடித்துப் படியவைக்க டைமெத்தில் டைதயோகார்பமேட் அருமையான மருந்து. 1999 டிசம்பரில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆன்டர்சன் நகரத்துக் கார் உதிரிபாக ஆலை ஒன்று அதை அளவுமீறிக் கொட்டியது. நகராட்சியின் கழிவுநீர் நிலையத்தில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்தன. நிலையத்தைக் கடந்து அந்த மருந்து ஒயிட் ஆற்றில் கலந்தது. ஏறத்தாழ எண்பது கிலோமீட்டருக்கு 46 லட்சம் மீன்கள் மடிந்தன. தண்ணீரிலிருந்து உலோகத்தை எடுக்க வாங்கிய மருந்தே ஆற்றைக் கொன்றது. முலாம் பட்டறைகள் நிறைந்த நம் தொழில் நகரங்களில் இந்த மருந்தை ஊற்றும் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி: உலோகத்தோடு சேராமல் மிஞ்சியது எவ்வளவு, அதை யார் அளந்தார்கள்?

இனி கையாள்வது. சித்திரை வெயிலில் முழு உடை அணிந்து மருந்தடியுங்கள் என்று சொல்லும் அறிவுரையை நான் மதிப்பதில்லை. சொல்பவர் ஒரு டேங்க் அடித்துக் காட்டட்டும். எல்லாவற்றையும் செய்ய முடியாதென்றால் முதலில் எதைச் செய்வது என்றுதான் யோசிக்க வேண்டும். என் பதில்: கலக்கும் பத்து நிமிடம். பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டும்போது எழும் தூசியும் கையில் படும் கெட்டிக் கரைசலும்தான் அன்றைய பெரிய வரவு. வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு தூள், குச்சியால் குழைத்த பிறகு டேங்கில் மீதித் தண்ணீர். அந்தப் பத்து நிமிடமாவது நைட்ரைல் கையுறையும் தூசியைத் தடுக்கும் முகக்கவசமும் வேண்டும். பல்லால் கிழிப்பதும் கையை விட்டுக் கலக்குவதும் வேண்டாம். தூளுக்குப் பதில் தண்ணீரில் விரவும் குருணையாக விற்கும் மேன்கோசெப் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் வாங்குங்கள். தூசி வெகுவாகக் குறையும்.

கையுறை போட்டபின் மணிக்கட்டு வரை அரிப்பும் கொப்புளமும் வந்தால் மருந்து உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்கமான கையுறையைத் தேடாதீர்கள். கையுறையின் ரப்பரில் மிஞ்சிய முடுக்கியே ஒவ்வாமை தரலாம். அதுவும் இதே குடும்பம். தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையில் தயூராமுக்கும் டைதயோகார்பமேட்டுக்கும் தனித்தனிக் கலவையே வைத்திருக்கிறார்கள். முடுக்கி சேர்க்காத கையுறைகள் இப்போது கிடைக்கின்றன. குழந்தைகளின் பால்புட்டிக் காம்பில் இந்த முடுக்கிகள் உடைந்து நைட்ரோசமீன் உண்டாகும் என்பதற்காக ஐரோப்பா 1993-லேயே வரம்பு வைத்தது.

கலக்கிய கரைசலை மறுநாளுக்கு வைக்காதீர்கள். தண்ணீரில் ஓரிரு நாளில் பாதி உடைந்துபோகும். பூசணத்துக்கு மருந்து குறையும், உங்களுக்கு எத்திலீன் தயோயூரியா கூடும். ஒரே டேங்கில் பூச்சிமருந்து, டானிக், இலைவழி உரம் எல்லாவற்றையும் கொட்டிக் கலக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இதோடு அமிலத் தன்மையுள்ளதோ சுண்ணாம்போ போர்டோ கலவையோ சேரவே கூடாது. மூட்டையை ஈரத்தரையில் வைக்கக்கூடாது, தகரக் கொட்டகை வெயிலிலும் அடுக்கக்கூடாது. இதன் உறவான மானெப் ஈரமும் சூடும் பட்டால் தானாகவே சூடேறிப் புகையும். கப்பல் சரக்கு விதிகளில் அதைத் தானே தீப்பற்றும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

தெளித்த வயலில் ஒருநாள் முழுதும் யாரையும் இறக்க வேண்டாம். மறுநாள் காலை களையெடுக்கவும் திராட்சைக் கொத்து நீக்கவும் வருவது பெரும்பாலும் பெண்கள். நேற்று மருந்தடித்ததை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கர்ப்பிணி என்று தெரிந்தால் அந்த வாரம் வேறு வேலை கொடுங்கள், கூலியைக் குறைக்காமல்.

கடைசியாக, மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கார்போபியூரான் போன்ற கார்பமேட் பூச்சிமருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி உயிர்காக்கும். பெயர் ஒத்திருந்தாலும் டைதயோகார்பமேட் அவை முடக்கும் நரம்பு நொதியைத் தொடுவதில்லை. இதற்கு அட்ரோபின் மாற்றுமருந்து அல்ல, தனி மாற்றுமருந்து என்று ஒன்று இல்லவும் இல்லை. தோலைக் கழுவுவதும், மூச்சைக் கவனிப்பதும், குடித்திருக்கிறாரா என்று கேட்பதும்தான் வைத்தியம். ‘ஏதோ பயிர் மருந்து’ என்று மட்டும் சொன்னால் மருத்துவர் எந்த மருந்துக்கு வைத்தியம் பார்ப்பார்? முக்கோணத்தின் நிறத்தைச் சொன்னாலும் போதாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்தான் அவருக்கு வேண்டும். அதைப் படிக்கத் தெரியாவிட்டால் பொட்டலத்தையே நீட்டுங்கள்.